எலுமிச்சம்பழம் கேட்ட பாட்டு

நான் செய்வது இருட்டு இசை. பாடகர் கிடையாது, துள்ளல் கிடையாது; அடிவயிற்றில் உருளும் ஓசையும் மேலே கொஞ்சம் பனியும்தான். இன்று ஊருக்கு நாலு பேர் லேப்டாப்பில் இதைச் செய்கிறார்கள், கேட்கவும் ஆள் சேர்ந்துவிட்டது. கொல்லிமலையில் எங்கள் குண்டூர் நாட்டில் அந்த நாலு பேரும் நான்தான்.

என் முதல் பாட்டுக்கு அடித்தளம், மலையேறும் பஸ்ஸின் முனகல். கொண்டை ஊசி வளைவுகளில் அது முதல் கியரில் திணறும்போது, போனைத் தரையில் அழுத்திக் குனிந்தபடி பதிவு செய்தேன். கண்டக்டர் பதறிவிட்டார்.

"ஏனுங்க, வாந்தி வருதுங்களா? தலைய ஜன்னல் பக்கம் திருப்புங்க!"

அந்தக் குரலும் பதிவாகிவிட்டது. வெட்ட மனமில்லை.

சென்னையில் ஒருவர் புதியவர்களின் இருட்டு இசையை ஆல்பமாகத் தொகுத்தார். எனக்கும் ஓர் இடம் தந்தார். ஊரெல்லாம் சொல்லி முடித்த பிறகு போன் வந்தது.

"சவுண்ட் நல்லாருக்கு. ஆனா கொல்லிமலைன்னா அருவி, பறவை, புல்லாங்குழல்னு எதிர்பார்ப்பாங்கல்ல? சாயங்காலத்துக்குள்ள சேர்த்து அனுப்புங்க. இல்லைன்னா இடம் கஷ்டம்."

சென்னைக்காரர்கள் இருட்டாக இருக்கலாமாம்; மலைக்காரன் மட்டும் பச்சையாக இருக்க வேண்டுமாம். கொதித்துப்போனேன். கொதித்தபடியே பத்து நிமிடத்தில் புல்லாங்குழலைச் சேர்த்தேன். என் வீரம் அவ்வளவுதான்.

அனுப்பும் முன் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தேன். அம்மா மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"நல்லாருக்கு கண்ணு" என்றார், தலை நிமிராமல்.

பழையதைப் போட்டேன். அம்மா கையில் கத்தி நின்றது. முகம் வெளுத்தது.

"நிறுத்து சாமி, வளைவு வளைவா சுத்துது!"

எழுந்து போய், பஸ்ஸில் முகர்வதற்கென்று பையில் வைத்திருக்கும் எலுமிச்சம்பழத்தை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே மலையேறியிருக்கிறார்! நல்ல மகன் தண்ணீர் கொடுத்திருப்பான். நான் போனை எடுத்துச் சென்னைக்காரரை அழைத்தேன்.

"பழையதுதாங்க என் பாட்டு. அப்படியே போடுங்க, இல்லாட்டி விட்டுருங்க."

"அருவி மட்டுமாவது…"

"அருவி வேணும்னா ஏறி வந்து பாருங்க. மறக்காம எலுமிச்சம்பழம் எடுத்துட்டு வாங்க."

இடம் போயிற்று. அன்று மாலையே, நெட் கிடைக்கும் பாறையில் ஏறி, கண்டக்டர் குரலோடு பாட்டை நானே இணையத்தில் போட்டேன். அட்டைப்படம் அந்த எலுமிச்சம்பழம். இறங்கி வந்து அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன்.

"அதான் போட்டோ எடுத்துட்டல்ல? பழத்தைக் கொடு. நாளைக்கு நான் பஸ்ஸுல போகோணும்."