தோப்புக்கார அம்மாவின் மஞ்சள் பை

எரியோட்டுத் தோப்புக்கார அம்மா ஒல்லியானவர். காதில் பெரிய தோடு. லைசென்ஸ் வாங்கிய சின்னக் கைத்துப்பாக்கியை மஞ்சள் பையில் வைத்திருப்பார். யாரோடு பேசினாலும் வலது கை அந்தப் பைக்குள்ளேதான் இருக்கும்.

ஒருநாள் தேங்காய் வாங்கப் போன நான் அவரோடு தோப்புக்குள் நுழைந்தேன். நான்கு தடியர்கள் காய்களைத் திருட்டுத்தனமாக வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு தென்னை மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். அம்மா பைக்குள் கையை விட்டபடியே நேராக அவர்களிடம் நடந்தார்.

"ஏலே, எறக்குங்கடா!"

ஒரு காய் விடாமல் இறக்கிவிட்டு வேனோடு ஓடிப்போனார்கள்.

"நல்லவேளை, துப்பாக்கி இருந்துச்சும்மா" என்றேன்.

அவர் பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துக் காட்டிச் சிரித்தார். "எலெக்‌ஷன் வருதுல்ல அப்பு? அதைப் போன வாரமே ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டேன்."

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்பது எங்கள் பக்கம் தெரியாதவர் இல்லை. பைக்குள் இருந்த அந்தக் கையைப் பார்த்ததும், அந்த நால்வரைப் போலவே நானும் அதை மறந்துவிட்டேன்.