சத்தம் போடுகிற ஃபேன் வேண்டும்

எனக்கு உட்கார்ந்து யோசிக்க வராது. எதையாவது துடைத்துக்கொண்டோ நறுக்கிக்கொண்டோதான் யோசிப்பேன். மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில், துடைத்த மேஜையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் ஒரு தண்ணீர் பாட்டிலால் வந்தது.

மத்தூர் பக்கம் மாந்தோப்பும் ராகிக் காடுமாக இருந்தவர் அவர். மாமியார் போன பிறகு தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தார். சிறுநீர் அடைத்துக்கொண்டதால் ஓசூருக்குக் கூட்டிவந்து ஆபரேஷன் செய்தோம். சிறுநீர் இறங்கப் போட்டிருந்த ட்யூபை எடுத்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னார். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி அடைக்கும், மறுபடி ட்யூப் போட வேண்டிவரும். அந்த ட்யூபோடு இருந்த நாட்களில் பெரியவர் யார் முகத்தையும் பார்க்காமல் படுத்திருந்தார். இன்னொரு முறை அதைத் தாங்க மாட்டார் என்று எனக்குப் பயம்.

முதல் சில நாள் ஒழுங்காகத்தான் குடித்தார். அப்புறம் என்ன ஆயிற்றோ, காலையில் நான் நிரப்பி வைத்த பாட்டில், சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் இறங்கி வந்து பார்த்தால் கழுத்து வரை அப்படியே நின்றது.

நேராகக் கேட்கவும் வழியில்லை. எங்கள் குடும்பத்தில் மாமனாரும் மருமகளும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. மாமியார் இருந்தவரை எங்கள் பேச்சு அவர் வழியாகப் போய் வந்தது. அவர் போன பிறகு சுவர் வழியாக. காபி வேண்டுமென்றால் மாமனார் டிவியைப் பார்த்துச் சொல்வார், வைத்திருக்கிறேன் என்று நான் அடுப்பைப் பார்த்துச் சொல்வேன். என் வீட்டுக்காரரை விட்டுக் கேட்கச் சொன்னால், குடிக்கிறாராம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிவிடுவார். அப்பனும் மகனும் ஒரே அச்சு.

பாத்ரூம் கழுவும்போதுதான் வென்டிலேட்டர் விளிம்பில் எரிந்த ஊதுபத்திக் குச்சிகளைப் பார்த்தேன். எங்களுடையது வாடகை போர்ஷன். பாத்ரூம் கதவு ஹாலுக்குள் திறக்கும், சாப்பாட்டு மேஜையை ஒட்டி. இப்படிக் கட்டிய புண்ணியவானைப் பிடித்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று குடிவந்த நாளிலிருந்து எனக்கு ஆசை. நாற்றம் வெளியே வருமோ என்று கூச்சப்பட்டுத்தான் பெரியவர் தண்ணீரைக் குறைக்கிறார் என்று முடிவு கட்டினேன். எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிவிட்டால் தீர்ந்தது.

பாகலூர் ரோட்டுக் கடைக்காரர் நாலைந்து எடுத்து வைத்தார். இரும்பு ரெக்கை வைத்த ஒன்றை, ஓட்டல் அடுப்படிக்குப் போகிறது, உங்களுக்கு வேண்டாம் என்று அவரே தள்ளி வைத்தார். வெள்ளை வெளேரென்று இருந்ததை ஓடவிட்டு, "ஓடறதே தெரியாது மேடம்" என்றார். கம்பெனியில் என் வேலையே சரக்கைச் சோதித்துப் பார்ப்பதுதான். ஒரு காகிதத்தைப் பக்கத்தில் பிடித்தேன், லபக்கென்று இழுத்து ஒட்டிக்கொண்டது. எனக்கு அதுவே போதும்.

எலக்ட்ரீஷியன் வந்து வென்டிலேட்டரில் மேல் கண்ணாடித் துண்டுகளை உருவிவிட்டு, அந்த இடத்தில் வட்டமாக வெட்டிய பிளைவுட் பலகையைப் பொருத்தி ஃபேனை மாட்டினார். லைட்டைப் போட்டால் ஃபேனும் சேர்ந்து ஓட வேண்டும் என்று சொன்னேன். தனி சுவிட்சு வைத்தால் பெரியவர் அதைத் தொட மாட்டார்.

ஊதுபத்தி நின்றது. பாட்டில் மட்டும் அசையவில்லை. அந்த வாரமே அவர் டிவியிடம் சொன்னார்: "ஊருக்கே போயிரலாம்னு பாக்கறேன். அங்க காடு கரை கெடக்குது, தொந்தரவில்ல."

தனியாக ஊரில் கிடந்து மறுபடி அடைத்துக்கொண்டால் யார் பார்ப்பது? எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேஜையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன், அவர் உள்ளே போனார். ஒரு இருமல். பிளாஸ்டிக் மக்கைத் தரையில் இடிக்கிற ஓசை. மறுபடி இருமல், அது தொண்டையிலிருந்து வந்த இருமல் இல்லை. பிறகு குழாயை ஒரு நொடி திறந்து, பதறி மூடியது போல ஒரு சத்தம்.

கத்தி அப்படியே நின்றுவிட்டது. வந்த புதிதில் அவர் உள்ளே போனாலே குழாய் சோவென்று கொட்டும். டேங்கர் தண்ணீர், டேங்க் காலியாகிறது, யார் குழாயைத் திறந்து விடுவது என்று மாடியிலிருந்து வீட்டு ஓனரம்மா இறங்கி வந்து, தெலுங்கு பாதி தமிழ் பாதியாகக் கத்திவிட்டுப் போனார். பெரியவர் ஹாலில்தான் இருந்தார். அன்றைக்கு நின்றது குழாய், அன்றைக்கே நின்றது தண்ணீர் குடிப்பதும். ஒரு கதவுக்கு இந்தப் பக்கம் மருமகள் உட்கார்ந்திருக்கிறாள், சிறுநீர் போகிற சத்தம் அவள் காதில் விழக்கூடாது. அவ்வளவுதான் விஷயம். நானோ ஓடுவதே தெரியாத ஃபேனைத் தேடிப் பிடித்து மாட்டியிருக்கிறேன்! அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அன்று மாலையே ஃபேனைக் கழற்றிக்கொண்டு கடையில் போய் நின்றேன். இருப்பதிலேயே சத்தம் போடுவதைக் கொடுங்கள் என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சத்தம் வருதுன்னு திருப்பறவங்களப் பாத்திருக்கேன் மேடம். சத்தம் வரலன்னு திருப்பறது நீங்கதான்."

ஓட்டல் அடுப்படி ஃபேன் வந்தது. லைட்டைப் போட்டால் வீடே அதிர்ந்தது. எலக்ட்ரீஷியன் ஆயில் விடட்டுமா என்றார், வேண்டாம் என்றேன். மாவு மில்லில் குடியிருக்கிற மாதிரி இருக்கிறது என்றார் என் வீட்டுக்காரர். காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் நேரே அப்பாவிடம் போய், நெசமாப்பா என்று கேட்டு வைக்கிற ஆள்.

பாட்டில் பாதியானது. பிறகு காலியானது. ஊர்ப் பேச்சும் அடங்கியது. ஆனாலும் அவர் உள்ளே போகும்போதெல்லாம் என் காது அந்த ஃபேனிலேயே இருந்தது.

ஒரு லீவு நாள் மத்தியானம், அவர் பாத்ரூம் கதவைச் சாத்தியதும் கரண்ட் போய்விட்டது. ஃபேன் முனகி முனகி நின்றது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்த வீட்டுக்காரர் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சு விட்டால் கேட்கும், வீடு அப்படிக் கிடந்தது. டிவி ஓடாது, மிக்சி ஓடாது. ரசத்துக்கு உரித்து வைத்திருந்த பூண்டை இடிகல்லில் போட்டு இடிக்க ஆரம்பித்தேன். நங் நங்கென்று இடித்தேன். பூண்டு கூழாகிவிட்டது, மிளகைப் போட்டேன், சீரகத்தைப் போட்டேன், அதுவும் தீர்ந்து வெறும் கல்லை இடித்தேன். கை கடுத்தது. நிறுத்த மனம் வரவில்லை.

கதவு திறந்தது.

"பூண்டு எப்பவோ நசுங்கிருச்சும்மா. போதும், கை வலிக்கும்."

திரும்பினேன். அவர் டிவியைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னார். மேஜையிலிருந்த பாட்டிலை எடுத்து, அண்ணாந்து, மடமடவென்று குடித்து முடித்தார். கரண்ட் இன்னும் வந்திருக்கவில்லை.