வலி மக்கா, வலி!

திருவிதாங்கூர்-கொச்சி நாட்களில் குளச்சலில் எங்கள் பந்தாட்டக் குழுவுக்குப் பயிற்சி கொடுத்தவர், கடற்கரையில் மீன் ஏலம் விளிப்பவர். ஒல்லியான ஆள், ஊரையே எட்டும் தொண்டை. ஆட்டம் நடக்கையில் பந்தைப் பார்க்கவே மாட்டார். ஆளில்லாத இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த வருடம் அதுவரை நாங்கள் ஒரு கோல்கூடப் போட்டிருக்கவில்லை. தக்கலைக்காரர்களோடு ஆடியபோது திடீரென்று, "வலி மக்கா, வலி!" என்று கத்தினார். எங்கள் ஊரில் வலிப்பது என்றால் இழுப்பது. ஆட்டக்காரர்களில் என்னைத் தவிர எல்லாரும் கரையில் நின்று மடி என்ற பெருவலையை வலிப்பவர்கள். மடி வலிப்பவன் பின்னால்தானே நடப்பான்? அத்தனை பேரும் பந்தோடு பின்வாங்கினார்கள். தக்கலைக்காரர்கள் துரத்திக்கொண்டு மொத்தமாக எங்கள் பக்கம் வந்துவிட்டார்கள். எங்கள் ஆள் ஒருவன் பந்தை முன்னால் நீளமாக உதைத்தான். நடுக்கோட்டருகே நின்ற நான் ஓடிப்போய் அடித்தேன். கோல்!

ஊரே அவரைத் தோளில் தூக்கியது. இறங்கியதும், "இந்தத் தந்திரம் எப்படிண்ணே தோணிச்சு?" என்று கேட்டேன்.

பீடியைப் பற்றவைத்துவிட்டு என் காதருகே குனிந்தார். "நான் துடுப்பு வலிக்கிற மாதிரி முன்னால போவத்தான் சொன்னேன். யாருட்டயும் சொல்லிராத மக்கா."

அடுத்த ஆட்டத்தில், காலி இடத்தைப் பார்த்தபடி, கொஞ்சமும் கூச்சமில்லாமல், "வலி மக்கா!" என்றார். நானும் பின்னால் ஓடினேன்.