குறை உண்டா என்று கேட்டார்கள்

என் மாமா பாதி வயதைப் பட்டாளத்தில் கழித்துவிட்டு வந்தவர். வந்ததும் ஒரு காவல் நிறுவனம் அவரை நகைக்கடை வாசலில் துப்பாக்கியோடு நிறுத்தியது. மீசையும் விறைப்பும் கடைக்கு அழகாம், வாசலில் சிங்கச் சிலை வைக்கிற மாதிரி.

துப்பாக்கி அவருடைய சொந்தத் துப்பாக்கி. உரிமம் இருந்தால்தான் வேலை. அதனால் சாயங்காலம் அது வீட்டுக்கு வந்து பீரோவில் கிடக்கும். கொஞ்ச காலமாக அந்த அறையில் தனியாக இருக்கவே அவருக்குப் பயம். ஒருநாள் அத்தையிடம் சொல்லிவிட்டார்: "சாவி உன்கிட்டயே இருக்கட்டும். நான் கேட்டாலும் குடுக்காத."

ஆனால் காலையில் வேலைக்குப் போகும்போது அவளேதான் அதை எடுத்துக் கொடுத்தாக வேண்டும். டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சிப் பார்த்தாள். விஷயம் வெளியே தெரிந்தால் உரிமம் போகும், உரிமம் போனால் சோறு போகும் என்று அவர் மறுத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் முன்னாள் வீரர்கள் சங்கம் தற்கொலைத் தடுப்பு விழிப்புணர்வுக் கூட்டம் போட்டது. அந்த வருஷம் சங்கத்தில் இரண்டு பேர் தங்களை முடித்துக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் 'மாரடைப்பு' என்று அறிவிப்புப் பலகையில் எழுதிய அதே செயலாளர்தான் இப்போது பேனர் கட்டினார். அதில் அவர் படம் ஆளுயரத்துக்கு இருந்தது. படித்தவன் ஒருத்தன் கூட இருக்கட்டும் என்று அத்தை என்னையும் மாமாவோடு அனுப்பினாள்.

தலைவர் பழைய பெரிய அதிகாரி. மன உறுதி பற்றி நீட்டி முழக்கினார். கோழைகள்தான் அப்படிப் போவார்கள் என்றார். அதற்குக் கைதட்டல் வேறு. செத்தவர்களில் ஒருவரின் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் கடித்த பிஸ்கட்டைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன்.

பிறகு எல்லோரையும் எழுப்பி வரிசையாக நிறுத்தினார்கள். பட்டாளத்தில் அதிகாரி வரும் நாளில் அப்படித்தானாம். குறை உண்டா என்று அவர் கேட்பார், இல்லை என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். கால் ஒடிந்து கிடப்பவனும் அதைத்தான் சொல்வான். சாகத் தோன்றுகிறவனைக் கண்டுபிடிக்க இந்த மேதாவிகளுக்குக் கிடைத்த வழி அது.

"யாருக்காவது மனசுல குறை உண்டா?" என்றார் தலைவர்.

"இல்லை சார்."

சத்தம் அடங்கியதும் மாமா சொன்னார்: "எனக்கு இருக்கு சார்."

பின்னாலிருந்து ஒருவன், வீட்டில் அடி விழுதா என்று கேட்டுச் சிரித்தான். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். செயலாளர் ஓடி வந்து மாமாவின் காதைக் கடித்தார்: "பத்திரிகைக்காரங்க இருக்காங்க. அப்புறம் பேசிக்கலாம், இப்ப போட்டோவுக்கு நில்லுங்க."

காறித் துப்பலாம் போலிருந்தது.

வரிசையிலிருந்து ஒருவர் வெளியே வந்தார். மாமாவோடு ஒரே முகாமில் கிடந்தவர், இப்போது லாரி ஓட்டுகிறார். மாமாவைத் தோளோடு அணைத்து வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். சுற்றி வளைக்கவில்லை.

"டேய், சாகணும்னு தோணுதா?"

"தோணுது."

"துப்பாக்கி எங்க?"

"வீட்டுல. சாவி அவகிட்ட."

"அது இன்னிக்கே போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கட்டும். நாளைக்கு டாக்டர்கிட்ட நானும் வர்றேன். அதுவரைக்கும் உன்ன விட்டு நகர மாட்டேன். குறட்டை விடுவேன், பொறுத்துக்க."

"வேலை போயிரும்டா."

"போய்த் தொலையட்டும். நீ இரு."

மாமா தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். உள்ளே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வேலை போகத்தான் செய்தது. மூளை கெட்ட ஆளை இத்தனை நாள் எங்கள் தலையில் கட்டினீர்களே என்று காவல் நிறுவனத்து மேலாளர் அத்தையிடம் போனில் கத்தினார். இப்போது மாமா லாரி ஷெட்டில் சரக்கு ஏற்றுவதைப் பார்த்துக்கொள்கிறார். சம்பளம் குறைவு. டாக்டர், மாத்திரை எல்லாம் தவறாமல் நடக்கிறது. சில நாள் இன்னும் மோசம்தான். அன்றைக்கு அவரே லாரிக்காரருக்குப் போன் போட்டுவிடுகிறார்.

போன வாரம் செயலாளர் வீடு தேடி வந்தார். அடுத்த கூட்டத்தில் மாமாவின் துணிச்சலைப் பாராட்டி மேடையில் கேடயம் கொடுக்கப் போகிறார்களாம். அத்தை வாசற்படியை விட்டு நகரவில்லை.

"தூங்குறாரு. எழுப்ப மாட்டேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.