சோசாம்மா டீச்சரும் பதினான்கு அமெரிக்க லேப்டாப்களும்

எங்கள் கோழஞ்சேரிப் பள்ளியில் கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பு தையல் டீச்சர். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நியாயமாக அந்தப் பொறுப்பு கணக்கு வாத்தியாரான என் தலையில் விழுந்திருக்க வேண்டும். முதுகுவலி என்று டாக்டர் சீட்டைக் காட்டித் தப்பித்துக்கொண்டேன். சோசாம்மா டீச்சருக்கு முதுகு நன்றாக இருந்தது, மாட்டிக்கொண்டார்.

பத்து நாள் பயிற்சிக்குப் போய் வந்தார். அங்கே சொல்லிக்கொடுத்த, கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸின் கட்டளைகளை எல்லாம் பிளவுஸ் அளவு எழுதும் நோட்டிலேயே எழுதி வைத்திருந்தார். மார்பு முப்பத்தாறு, இடுப்பு முப்பது, அதற்குக் கீழே லேப்டாப்புக்குள் இருக்கும் வைஃபை அட்டையை அணைத்து எழுப்பும் கட்டளை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடினால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். டீச்சருக்கு அது நேர்த்தையல் மாதிரி.

பதினான்கு லேப்டாப்களும் அவர் மகன் ஜிபி கொடுத்தவை. பிலடெல்பியாவில் வேலை. ஆபீசில் கழித்துக்கட்டியதை வாங்கி, ஒவ்வொன்றிலும் தானே லினக்ஸ் ஏற்றி, கிறிஸ்மஸுக்கு ஊர் வந்த சர்ச் சபைக்காரர்களின் பெட்டிகளில் இரண்டிரண்டாகத் திணித்து அனுப்பினான். எல்லார் பெட்டியும் வந்தது, அவன்தான் வரவில்லை. ஆறு வருஷமாகிறது. ஒரு வருஷம் லீவு இல்லை, ஒரு வருஷம் விசா, அப்புறம் குழந்தையின் பள்ளிக்கூடம். டீச்சர் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டார். லேப்டாப்பைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஒரு மணி நேரம் பேசுவார். காலையில் முதல் வேலையாக அவற்றைத்தான் துடைப்பார், சொந்தக் கண்ணாடியைத் துடைக்க மறந்துவிடுவார்.

ஓணம் விடுமுறை முடிந்து திறந்தால் பதினான்கிலும் பள்ளி வைஃபை கிடைக்கவில்லை. எங்கள் எல்லார் போனிலும் கிடைக்கிறது. எங்கள் ஹெட்மாஸ்டர் குரியாக்கோஸ் சாருக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல ஆகிவிட்டது. சத்துணவு அரிசி மூட்டைகளை வைக்க இடமில்லாமல் அவர் அந்த அறை மேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்தார்.

"டீச்சரே, நெட் வராத லேப்டாப்பும் அரிசி மூட்டையும் ஒண்ணுதான். அரிசியாவது வேகும். பழைய சாமான் எடுக்கிற வண்டிக்குச் சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வரும்."

"என் பையன் கொடுத்தது சாரே."

"பையன் கொடுத்தான்னு எத்தன நாள் வச்சுக் கும்பிடறது? மூணு மணிக்குள்ள நெட் வந்தா இருக்கட்டும். வரலைன்னா வண்டியில ஏறட்டும்."

எனக்கு வந்த கோபத்தில் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் முதுகுவலிச் சீட்டு அவர் மேசையில்தானே இருக்கிறது. வாயை மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் பால் விடாத கட்டன் டீயும், வாழைப்பழ பஜ்ஜியான பழம்பொரியும் வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் அறைக்குப் போனேன். டீச்சர் ஒரு லேப்டாப் முன்னால் குனிந்திருந்தார். சுற்றிலும் என்னென்ன வைஃபை இருக்கிறது என்று தேடும் கட்டளையை அடித்தார். அனுமதி இல்லை என்றது. நிர்வாகியின் அதிகாரத்தோடு மறுபடி அடித்தார். வேறு வேலையாக இருக்கிறேன் என்றது.

"குரியாக்கோஸ் சாரைவிட மோசமா இருக்கே," என்றேன்.

"சும்மா இரிங்க சாரே. பின்னாடி ஓடுற ஒரு புரோகிராம் அட்டையப் பிடிச்சு வச்சிருக்கு. அத நிறுத்தணும்."

நிறுத்தினார். அட்டையை அணைத்து எழுப்பினார். இப்போது பட்டியல் வந்தது. பேக்கரி, பாதிரியார் வீடு, கள்ளுக்கடை, பல் டாக்டர் என ஒன்பது பெயர்கள். எங்கள் பள்ளி மட்டும் இல்லை.

"கள்ளுக்கடை தெரியுது, பள்ளிக்கூடம் தெரியல. ரொம்ப விவரமான லேப்டாப்தான் டீச்சரே."

டீச்சர் சிரிக்கவில்லை. மணி இரண்டேகால். அவர் டீயைத் தொடவே இல்லை, நானும் பழம்பொரியைக் கீழே வைத்துவிட்டேன்.

"மெஷின் தைக்கலைன்னா நான் மோட்டாரக் கழட்டமாட்டேன் சாரே. அடியில நூல் சுத்துற பாபின்ல இருந்து ஒவ்வொண்ணாப் பார்ப்பேன்." பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், அது எந்த அலைவரிசையில் ஓடுகிறது என்று சொல்லும் சேனல் எண்ணைப் படித்தார். "ஒண்ணு, ஆறு, ஆறு, பதினொண்ணு, ஒண்ணு..." நிறுத்தினார். "ஐயோ கர்த்தாவே. பள்ளி வைஃபை ரூட்டர நான்தானே பதிமூணுக்கு மாத்தினேன்!"

ஓணம் விடுமுறையில் நடந்த சங்கதி அது. பக்கத்து வீட்டு வைஃபைகள் எல்லாம் ஒரே எண்களில் நெரிசலாகக் கிடந்ததால் பள்ளி வைஃபை ஆமையாக நகர்ந்தது. யாருமே இல்லாத பதிமூன்றாம் சேனலுக்கு டீச்சர் அதைக் குடிமாற்றிவிட்டார். பள்ளி திறந்ததும் போனில் வேகம் கூடியதென்று நாங்களும் பாராட்டினோம்.

"போனுக்குப் பதிமூணு கேக்குது. இதுக்கு ஏன் கேக்கல?" நோட்டைப் புரட்டி, அட்டை எந்தெந்தச் சேனல்களைக் கேட்கும் என்று காட்டும் கட்டளையை அடித்தார். பதினொன்று வரை ஒழுங்காக இருந்தது. பன்னிரண்டுக்கும் பதிமூன்றுக்கும் பக்கத்தில் தடை என்று போட்டிருந்தது. தடை போட்டது யார்? இன்னொரு கட்டளை. திரையில் ஒரே வரி: நாடு, யு.எஸ்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டினார்.

"அந்த ஊர்ல பதிமூணு கூடாதாம் சாரே. ஜிபி லினக்ஸ் ஏத்தும்போது நாட்டையும் எழுதி வச்சுட்டான். இதுங்க ஆறு வருஷமா அமெரிக்காவுல இருக்கிறதா நெனச்சுக்கிட்டு அந்த ஊர்ச் சட்டப்படி நடந்துட்டு இருக்கு!"

"நம்ம ஊரு தூசியத் தின்னுக்கிட்டேவா?"

இப்போது சிரித்தார். சிரித்துக்கொண்டே நாட்டை இந்தியா என்று மாற்றி, மறுபடி தேடினார். பத்தாவது பெயராக எங்கள் பள்ளி வந்து நின்றது. நான் கைதட்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தாலும் தட்டினேன்.

வாசலில் வண்டி ஹாரன் அடித்தபோது பன்னிரண்டு லேப்டாப்கள் முடிந்திருந்தன, ஹெட்மாஸ்டர் உள்ளே வருவதற்குள் மீதி இரண்டையும் டீச்சர் முடித்துவிட்டார். பதினான்காவதில் நெட் வந்ததைக் குரியாக்கோஸ் சார் குனிந்து பார்த்தார், வேறு வழியில்லாமல் தலையை ஆட்டினார். "சரி, மூட்டைய என் ரூம்லயே போடுறேன்," என்று வண்டிக்காரனைத் திருப்பி அனுப்பப் போனார்.

டீச்சர் மகனுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். அங்கே விடிந்தும் விடியாத நேரம்.

"அம்மச்சி? என்னாச்சு? உடம்புக்கு ஏதாவது..."

"ஒண்ணும் இல்ல மோனே. உன் லேப்டாப் பதினாலும் அமெரிக்காவுலயே இருந்துச்சு. இப்பத்தான் எல்லாத்தையும் ஊருக்குக் கூட்டிட்டு வந்தேன். ஒரே ஒரு வரி அடிச்சேன், வந்துருச்சு." குரல் கொஞ்சம் இறங்கியது. "உனக்கு என்னடா அடிக்கணும்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இந்தக் கிறிஸ்மஸுக்கு டிக்கெட் இருக்கான்னு தேடிப் பார்க்கறேன் அம்மச்சி."

"ஆறு வருஷமாத் தேடிட்டுதான இருக்க? தேடினது போதும்டா," என்றார் டீச்சர். "டிக்கெட்ட எடு. நான் லைன்லயே இருக்கேன்."