மேனுஜாவின் அண்ணன் லண்டனில் இல்லை

மேனுஜாவின் அண்ணன் ரஜிதன் லண்டனில் வேலை செய்கிறான் என்று டென்மார்க்கில் எங்கள் ஹேர்னிங் ஊரில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பச்சைப் பொய். அவன் தகப்பன் தவராஜாவின் வீட்டு மேலறையில் இருக்கிறான். இளவயதிலேயே மனநோய் வந்துவிட்டது. மருந்து எடுக்கிறான், பூனைக்குச் சாப்பாடு வைக்கிறான், சில நாட்களில் தனக்குள் பேசிக்கொள்கிறான். ஒருவருக்கும் ஒரு தீங்கும் செய்ததில்லை. ஆனாலும் வீட்டுக்கு ஆள் வந்தால் அவனை உள்ளே விட்டுப் பூட்டிவிடுவார்கள்.

"தங்கச்சிக்குக் கலியாணம் ஆகவேணுமெல்லோ" என்பார் தவராஜா. கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தத் தங்கச்சி ஆஸ்பத்திரியில் மனநோய் விடுதித் தாதி. படிக்கிற காலத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு டேனிஷ் வைத்தியர் ஒருவரைப் பற்றி அறிந்தாள். மனம் பேதலித்தவர்களை மரக்கூண்டில் அடைத்து வைத்திருந்த நாடு இது. அவர்கள் நோயாளிகள், வைத்தியம் பார்த்தால் தேறுவார்கள் என்று அந்த மனிதர் எழுதியும் வாதாடியும் ஆஸ்பத்திரி கட்டவைத்தார். அவரைப் பற்றிப் பேசினால் மேனுஜாவின் முகம் மலரும். வீட்டு வாசலில் அதே முகம் கறுத்துவிடும். கறுக்காமல் என்ன செய்யும்?

போன சித்திரையில் ஒடென்சே நகரத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ஜதுர்சன், அவன் தாய் ராசமலர். பக்கத்து வீட்டுக்காரி என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பலகாரம் சாப்பிட்டு, கார், வீடு எல்லாம் விசாரித்து முடித்த பிறகு ராசமலர் கேட்டார்: "மகன் லண்டனில என்ன வேலை?"

தவராஜா வாய் திறக்குமுன் மேனுஜா எழும்பினாள்.

"அண்ணா மேலதான் இருக்கிறார். அவருக்கு மனநோய். அப்பா பூட்டி வைச்சிருக்கிறார். அவரை ஒளிச்சுத்தான் கலியாணம் எண்டால் எனக்கு அது வேண்டாம்."

சொன்னவள் மேலே போய்க் கதவைத் திறந்து, அண்ணனைக் கையில் பிடித்துக் கூட்டி வந்து எல்லோர் நடுவிலும் இருத்தினாள். அவன் ஒரு வடையை எடுத்துக் கடித்தான். தவராஜாவின் முகத்தில் ஈயாடவில்லை.

ராசமலர் சிரித்தார். "இதுக்கேன் பிள்ளை இவ்வளவு கோபம்? எங்கட மூத்தவளும் இப்பிடித்தான். நாங்களும் அவளை அறைக்குள்ள விட்டுப் பூட்டிப்போட்டுத்தான் வந்தனாங்கள். ரெண்டு வீட்டுக்கும் நல்ல பொருத்தம்."

தவராஜாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பாவிகள்! இரண்டு பேரின் கன்னத்திலும் அறையலாம் போலிருந்தது எனக்கு.

"அவவோட ஆர் நிக்கினம்?" என்று மேனுஜா கேட்டாள்.

"ஒருத்தரும் இல்லை. அவள் படுத்திருப்பாள்."

மேனுஜா மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"வீட்டுத் திறப்பைத் தாங்கோ" என்று அவள் சாவிக்குக் கையை நீட்டினாள். "தராட்டி, பொலிசோட போய்த் திறப்பன்."