வேரோடு வரைந்த கறிவேப்பிலை

ஓய்வு பெற்றபின் வீட்டிலிருந்து மனைவியின் வாயைக் கிளறுவதைவிடப் புத்தியான காரியமாகப் பட்டதால், புலம்பெயர்ந்து வந்த ஊரான பிளாக்ஹவுஸ் பேயில் நடந்த தாவர ஓவிய வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியை ஐந்நூறு வருடத்துக்கு முந்திய ஐரோப்பிய மூலிகைப் புத்தகப் படங்களைக் காட்டினார். அந்தக் கால ஓவியர்கள் செடியை வேரோடு வரைவார்களாம். ஒரே கிளையில் பூவும் வைப்பார்கள், பழமும் வைப்பார்கள். எந்தப் பருவத்தில் தேடிப் போனாலும் வைத்தியருக்கு ஆள் அடையாளம் தெரியவேண்டுமே! அதே முறையில் ஆளுக்கொரு படம் வரையச் சொன்னார். நூலகத்தில் காட்சிக்கு வைப்பதாகத் திட்டம்.

மற்றவர்கள் ரோஸ்மேரி, புதினா என்று அடக்கமாகத் தொடங்கினார்கள். எனக்குத்தான் கௌரவம் விடவில்லை. எங்கள் ஆட்களின் செடி ஒன்றை இவர்களுக்குக் காட்டாமல் விடுவதா? வீட்டில் பூச்சட்டியில் ஒரு கறிவேப்பிலைக் கன்று நின்றது. ஐந்து குளிர்காலம் மனைவி அதை உள்ளே தூக்கி வைத்துக் காப்பாற்றியிருந்தாள். எனக்குத் தடிமன் பிடித்து மூக்கொழுகிய கிழமையிலும் ஹீட்டர் அதன் பக்கம்தான் திரும்பியிருந்தது. குழம்புக்குக்கூட இலையை எண்ணித்தான் கிள்ளுவாள்.

ஆடி மாதம், இங்கே அதுதான் நடுக் குளிர்காலம், அவள் வேலைக்குப் போன ஒரு நாள், கன்றைப் பிடுங்கிக் குசினியில் வேரைக் கழுவினேன். பின்னேரம் மூன்று மணிவரை மேசையில் கிடத்தி, ஒவ்வொரு வேராக வரைந்தேன். பூவையும் பழத்தையும் போனில் பார்த்துப் போட்டேன். பிறகு மண்ணுக்குள் திணித்து, தண்ணீர் ஊற்றி, நல்ல பிள்ளைபோல் இருந்துவிட்டேன். எவ்வளவு பெரிய மடையன் நான்!

ஒரு கிழமையில் இலை பழுத்துக் கொட்டியது. அவள் மண் மாற்றினாள், யன்னல் மாற்றினாள், என் கம்பளிச் சட்டையைச் சுற்றிவிட்டாள். இந்த முறை குளிர் கூட என்று அவளே காரணமும் சொன்னாள். நானும் ஓம், ஓம் என்று தலையாட்டினேன். கன்று பட்டுப்போனது.

நூலகத்தில் என் படத்தை நடுவில் மாட்டியிருந்தார்கள். வேர்கள் உயிரோடு இருக்கின்றன என்று ஆசிரியை எல்லோரிடமும் புகழ்ந்தார். மனைவி அந்த வேர்களையே வெகுநேரம் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது என்று எனக்கும் விளங்கியது. வீட்டுக்குப் போய் நல்ல பேச்சு வாங்கலாம் என்று தயாரானேன். அவளோ கிளை நுனியில் நான் போட்ட வெள்ளைப் பூக்களைத் தொடாமல் விரலால் காட்டினாள்.

"எங்கட கண்டு ஒருநாளும் பூக்கேல்லை," என்றாள். "வாற கோடைக்குப் பூக்கும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."